கைக்கடிகாரத்துக்குத் தனி டெலிபோன் வேண்டுமா?

திருவல்லிக்கேணியில் நமக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர் இருக்கிறார். முப்பத்திரண்டு வருஷ காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரையில் உலாவுவது அவருக்குத் தவறாத நியமம். உலாவப் போகும்போது செல்போனைத் தொடுவதில்லை என்பது அதைவிடத் தவறாத நியமம். "அந்த ஒரு மணி நேரமாவது மனுஷன் மனுஷனாக இருக்க வேண்டாமா?" என்பார்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் மணலில் கால் இடறி விழுந்தார். முழங்கால் பிசகிக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. அருகம்புல் சாறு விற்கும் இளைஞர் ஒருவர் ஓடி வந்து தாங்கிப் பிடித்து உட்கார வைத்துத் தம்முடைய செல்போனை நீட்டினார். "வீட்டுக்குப் பேசுங்க ஐயா!" என்றார். அப்போதுதான் நண்பருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மனைவியின் நம்பர் அவருக்குத் தெரியாது. மகனுடைய நம்பரும் தெரியாது. அவருடைய ஞாபகத்தில் பத்திரமாக இருந்தது ஒரே ஒரு நம்பர்தான். அது எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்ட பழைய வீட்டு டெலிபோனுடையது. பதினேழாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக் கூடியவர் மணலில் உட்கார்ந்தபடி திருதிருவென்று விழித்தாராம். கடைசியில் அந்த இளைஞரே ஓர் ஆட்டோவைப் பிடித்து வீடு சேர்ப்பித்தபோது மணி எட்டரை. அதற்குள் அவருடைய மனைவியார் பட்ட பாட்டை எழுதுவது நமது நோக்கமன்று.

விஷயம் அமெரிக்காவிலுள்ள புதல்வருக்கு எட்டியது. அவர் உடனே தகப்பனாருக்கு ஒரு 'ஸ்மார்ட் வாட்ச்' வாங்கி அனுப்புவதென்று தீர்மானித்தார். ('திறன் கடிகாரம்' என்று அறிஞர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் கடைக்குப் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்.) கடிகாரத்தில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் மூலமாகவே உலகத்தோடு பேசுவது. மற்றொன்று தனக்கென்று தனி செல்லுலார் இணைப்பு வைத்துக்கொண்டு, செல்போன் இல்லாவிட்டாலும் பேசக் கூடியது. இரண்டாவது தினுசுக்கு விலையும் அதிகம். மாதச் சந்தாவும் உண்டு. அப்பாவுக்கு எது வேண்டும் என்ற பிரச்னை நம்மிடம் வந்து சேர்ந்தது. பத்திரிகைக்காரர்களுக்குச் சகலமும் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிற வரையில்தான் நமது பிழைப்பு நடக்கும். ஆகையால் தெரியாது என்று சொல்லாமல் விசாரிக்கத் தொடங்கினோம்.

மணிக்கட்டிலே டெலிபோன் கட்டிக்கொள்ளும் ஆசை புதிதன்று. 1946-ம் வருஷம் ஜனவரியில், அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்து கொண்டிருந்த 'டிக் டிரேஸி' என்னும் படக்கதையில் செஸ்டர் கூல்ட் என்ற சித்திரக்காரர் துப்பறியும் கதாநாயகனின் கையில் ஒரு ரேடியோக் கடிகாரத்தைக் கட்டிவிட்டார். அதிலே பேசலாம், கேட்கலாம். அந்த நாளில் அது வெறும் கதை. 1999-ல் தென் கொரியாவின் சாம்ஸங் கம்பெனி, கடிகாரத்தின் வடிவில் ஒரு டெலிபோனையே செய்து வெளியிட்டது. 2014-ல் அதே கம்பெனியின் 'கியர் எஸ்' என்ற கடிகாரம் சிம் அட்டையுடன் வந்தது. 2017 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி தன்னுடைய மூன்றாவது வரிசைக் கடிகாரத்தில் செல்லுலார் இணைப்பைச் சேர்த்தது. மறு வருஷம் அது நமது நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. இந்தக் கடிகாரத்தில் சிம் அட்டையைச் செருகுவதற்கு இடம் கிடையாது. உள்ளேயே பதிக்கப்பட்ட 'இ-சிம்' என்னும் கடுகளவு சாமான் அந்த வேலையைச் செய்கிறது. அலைகளை வாங்குவதற்கு வால்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியலும் இல்லை. முகப்புத் திரையையே ஏரியலாக உபயோகித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் ஆச்சரியமான கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனம் எப்போது வேலைக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கடிகாரம் முதலில் செல்போனைத் தேடுகிறது. சுமார் முப்பது அடி தூரத்துக்குள் அது இருந்தால் 'புளூடூத்' என்னும் குறுந்தூர ரேடியோவின் மூலம் அதையே பற்றிக்கொள்கிறது. செல்போன் அகப்படாவிட்டால், முன்பே பரிச்சயமான 'வைஃபை' ஏதாவது உண்டா என்று பார்க்கிறது. அதுவும் இல்லாவிட்டால்தான் செல்லுலார் கோபுரத்தை நாடுகிறது. ஏன் இந்த வரிசை என்றால், மின்சாரச் சிக்கனத்துக்காக. பக்கத்து அறையிலிருப்பவரோடு பேசுவதற்கும், தெருக்கோடியில் இருப்பவரைக் கூவி அழைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. கோபுரமோ அரை மைல், ஒரு மைல் தூரத்தில் இருக்கும். கடிகாரத்திலுள்ள பாட்டரியோ செல்போன் பாட்டரியில் ஒரு சிறு பங்குதான். போதாக்குறைக்கு, நமது கையின் சதையே ரேடியோ அலைகளில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

2017-ல் வெளிவந்த அந்தக் கடிகாரம், செல்போன் பக்கத்திலிருந்தால் மூன்று மணி நேரம் பேசும் என்றும், தனி இணைப்பில் ஒரு மணி நேரம்தான் பேசும் என்றும் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவற்றில் நிலைமை சற்றுத் தேவலை. ஆயினும், நாள் முழுவதும் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடிகாரத்தோடு காலம் தள்ளலாம் என்று நினைப்பவர்கள் சாயங்காலத்துக்குள் வெறும் கண்ணாடித் துண்டைக் கையில் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடிகாரத்தைக் கட்டிக்கொள்கிறவர் செல்போனை விட்டுப் பிரிகிறவரா? ஆபீஸுக்குப் போகும் குமாஸ்தா, கல்லூரி மாணவி, பஸ்ஸில் நின்றுகொண்டே செய்தி படிக்கும் நாம் ஆகியோரெல்லாம் செல்போனைக் குளிக்கும் அறையின் வாசல் வரையில் கொண்டுபோகிறவர்கள். நம்மைப் போன்றவர்களுக்குத் தனி இணைப்பு என்பது வாசலில் வண்டியை வைத்துக்கொண்டு இன்னொரு வண்டிக்கு வாடகை கொடுப்பது போலத்தான்.

அந்த வாடகையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2017-ல் அமெரிக்காவில் சாதாரணக் கடிகாரம் 329 டாலர். தனி இணைப்புள்ளது 399 டாலர். வித்தியாசம் 70 டாலர்தானே என்று தோன்றும். மாதச் சந்தா அங்கே சுமார் 10 டாலர். மூன்று வருஷத்துக்கு 360 டாலர். எழுபதையும் சேர்த்தால் 430. அதாவது கடிகாரத்தின் விலையைக் காட்டிலும் அதன் பேச்சுக்கு விலை அதிகம்! நமது நாட்டில் 2024-ல் வந்த பத்தாவது வரிசையில் இரண்டு தினுசுக்கும் வித்தியாசம் சுமார் 10,000 ரூபாய். மத்தியதரக் குடும்பத்தில் பத்தாயிரம் ரூபாய் என்பது யோசிக்காமல் கொடுக்கக் கூடிய தொகை அல்ல.

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கடைகளில் குவித்து வைத்திருக்கும் கடிகாரங்களின் பெட்டியில் 'புளூடூத் காலிங்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்து, டெலிபோன் இல்லாமலே பேசலாம் என்று வாங்கிப் போனவர்கள் பலரை நாம் அறிவோம். அதற்கு அந்த அர்த்தமே கிடையாது. கடிகாரத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் இருக்கின்றன. பேச்சு போவதும் வருவதும் சட்டைப் பையிலுள்ள செல்போன் வழியாகத்தான். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அது மணி காட்டும். நடந்த காலடிகளை எண்ணும். வாயைத் திறக்காது.

தனி இணைப்புள்ள கடிகாரமும் பூரண சுதந்திரம் பெற்றதல்ல. ஆப்பிள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டால், அது அந்தக் கம்பெனியின் போனோடுதான் சேரும். போனுக்கு எந்தக் கம்பெனியின் சேவையோ அதே கம்பெனியின் சேவைதான் கடிகாரத்துக்கும் வேண்டும். நம்பரும் ஒன்றே. சாதாரண எஸ்.எம்.எஸ். செய்திகளும், வேறு கம்பெனிகளின் செயலிகள் அனுப்பும் அறிவிப்புகளும் கடிகாரத்துக்கு வந்து சேர வேண்டுமானால், வீட்டில் விட்டுவந்த போன் உயிரோடு இருந்து எங்கேயாவது இணைந்திருக்க வேண்டும். மேலும், கோபுரங்களின் ஆயுள் வேறு. கடிகாரத்தின் ஆயுள் வேறு. 2022-ல் அமெரிக்காவின் பெரிய டெலிபோன் கம்பெனிகள் தங்கள் 3ஜி அலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தின. அதை நம்பியிருந்த பழைய கடிகாரங்கள் அங்கே ஊமையாகிவிட்டன. நமது பாட்டனாரின் சாவி கொடுக்கும் கடிகாரம் இன்றைக்கும் ஓடுகிறது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்வதில் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

குழந்தைகளின் விஷயம் தனி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கையில் செல்போன் கொடுக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? ஆனால் பஸ் தவறிவிட்டால் ஒரு வார்த்தை பேச வசதி வேண்டும். இதற்குத் தனி இணைப்புள்ள கடிகாரம் நல்ல உபாயமே. 2020 முதல் ஆப்பிள் கம்பெனி, பெற்றோருடைய போனிலிருந்தே பிள்ளையின் கடிகாரத்தை நிர்வகிக்க வழி செய்திருக்கிறது. ஆயினும் மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையாவது வாங்கிக் கட்டுவது ஆபத்து. ஜெர்மனியில் 2017 நவம்பரில் ஒரு வகைக் குழந்தைக் கடிகாரங்களை அரசாங்கமே தடை செய்தது. காரணம் வேடிக்கையானது, வேதனையானதும்கூட. அந்தக் கடிகாரங்களில் பெற்றோர்கள் பிறர் அறியாமல் ஒட்டுக் கேட்கலாம். சிலர் வகுப்பறையில் உபாத்தியாயர் பாடம் நடத்துவதையே வீட்டிலிருந்து ஒட்டுக் கேட்டார்களாம்! வாங்கியவர்கள் அவற்றை அழித்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். நமது கணக்கு வாத்தியார் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

இனி அவருடைய விஷயத்துக்கே வருவோம். ஆப்பிள் கடிகாரத்தில் 2018-ல் வந்த நாலாவது வரிசை முதல், அணிந்திருப்பவர் பலமாகக் கீழே விழுந்தால் அதை உணர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. விழுந்தவர் ஒரு நிமிஷத்துக்கு அசைவற்றுக் கிடந்தால் அவசர உதவிக்கு அதுவே டெலிபோன் செய்கிறது. பெரியவர்கள் தனியே வாழும் வீடுகளில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளே வழுக்கி விழுந்தால் சாதாரணக் கடிகாரமே போதும். செல்போன் கூடத்து மேஜையிலிருந்து உதவி செய்யும். ஆனால் கடற்கரை மணலில் செல்போனும் இல்லை, பழகிய வைஃபையும் இல்லை என்னும்போது, தனி இணைப்பில்லாத கடிகாரம் விழுந்ததை நன்றாக உணரும். உணர்ந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

முதலில் நாம், "சாதாரணக் கடிகாரத்தையே அனுப்பச் சொல்லுங்கள், செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், பத்தாயிரம் ரூபாய் மிச்சம்" என்று சொல்லத்தான் எண்ணினோம். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் அதைச் சொன்னவுடன் நண்பரின் மனைவியார் சிரித்துவிட்டார்.

"நாற்பத்தைந்து வருஷமாக நான் சொல்லிக் கேட்காதவர், நீங்கள் சொல்லியா கேட்கப் போகிறார்? எடுத்துக்கொண்டு போவேன் என்று உங்களிடம் தலையை ஆட்டுவார். நாளைக் காலையில் போன் மேஜை மேலேயே இருக்கும்" என்றார்.

அந்த அம்மாளுடைய வாக்கில் நாம் ஒரு பெரிய நியாயத்தைக் கண்டோம். பாக்கெட் கடிகாரம் கைக்கடிகாரமாக மாறியதே இப்படித்தானே? பிரேஸில் தேசத்து ஆகாய வீரர் ஸாண்டோஸ் டூமான், இரண்டு கைகளும் விமானத்தில் மும்முரமாக இருக்கும்போது பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று பாரிஸிலுள்ள கார்டியேயிடம் முறையிட்டார். அதன் பேரில்தான் அவருக்காக ஒரு கைக்கடிகாரம் தயாராயிற்று. பையிலே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்து என்ன பிரயோஜனம்? அவரவர் நடத்தைக்குத் தகுந்த சாமானைத்தான் செய்து கொடுக்க வேண்டும்; அல்லது வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, மகனுக்குத் தனி இணைப்பு வேண்டாம், மருமகளுக்கு வேண்டாம், நமக்கு நிச்சயமாக வேண்டாம், நண்பருக்கு மட்டும் அவசியம் வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். மகன் விடுமுறையில் வந்திருந்தபோது சென்னையிலேயே வாங்கி, தாம் கொடுத்திருந்த பழைய ஐபோனோடு அதைச் சேர்த்து, இணைப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தினந்தோறும் சார்ஜ் செய்யும் பொறுப்பு, யாரும் சொல்லாமலே, அம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. இரவு பால் உறை குத்தி வைக்கும்போது கடிகாரத்தையும் அதன் வட்டத் தட்டில் வைத்துவிடுகிறார்.

ஒரே ஒரு தொந்தரவு. நம்பர் ஒன்றுதான் ஆகையால், கடற்கரையில் அவரை யாராவது கூப்பிட்டால் வீட்டு மேஜை மேலுள்ள போனும் சேர்ந்து மணியடிக்கிறது. அம்மாள் சமையலறையிலிருந்து ஓடி வந்து எடுப்பதற்குள் அவர் அங்கே பேசத் தொடங்கிவிடுகிறார்.

முதல் நாள் காலை நண்பர் கலங்கரை விளக்கத்துக்கு அருகே நின்று, கையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு, கடலலையையும் மீறிய குரலில் மனைவியாரைக் கூப்பிட்டாராம்.

"கேட்கிறதா? நான்தான் பேசுகிறேன்! போன் வீட்டிலேதான் இருக்கிறது!"

"நன்றாகக் கேட்கிறது. தெருவுக்கே கேட்டிருக்கும். திரும்பி வரும்போது ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று பதில் வந்ததாம்.