உங்களுக்குத் தெரியுமா? கொழும்பில் ஐதரசன் எரிந்த காலம்

நாளைய கார்களின் எரிபொருள் என்று பேசப்படும் ஐதரசன், 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்புத் தெருவிளக்குகளில் எரிந்தது! அந்த விளக்குகளில் எரிந்தது நிலக்கரியைச் சுட்டு எடுத்த வாயு; அதில் ஏறக்குறைய பாதி ஐதரசன். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், புறக்கோட்டை கேஸ் வேர்க்ஸ் வீதியின் பெயர் அந்த வாயுவைத் தயாரித்த ஆலையின் மிச்சம்.

• தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் 2025 முதல் தெருவிளக்குக்கு மின்சாரம் தருவது பசுமை ஐதரசன் (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுப்பது).

• சுவிற்சர்லாந்தின் ஐசாக் டி ரிவாஸ் ஐதரசனில் ஓடும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1807இல். பென்ஸின் பெற்றோல் கார் காப்புரிமை பெற்றதோ 1886இல்!

• டொயோட்டா மிராய் என்ற ஐதரசன் கார் ஐதரசனை எரிப்பதே இல்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கிறது. புகைக்குழாயில் வருவது தண்ணீர். (புகைக்குழாய் என்ற பெயர் அதற்குப் பொருந்தாதுதான்.) 2021இல் கலிபோர்னியாவில் ஒரு மிராய், 5.65 கிலோ ஐதரசனில் சுமார் 1,360 கி.மீ. ஓடியது. இலங்கையின் நீளத்தைப் போல மூன்று மடங்கு!

• இத்தகைய காரின் சிக்கல் ஐதரசன் தாங்கியில். அதற்குள் 700 பார் அமுக்கம்; கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 300 மடங்கு.