அன்று சுத்தியல், இன்று சென்சார்

மும்பை விக்ரோலியின் கண்ணம்வார் நகரில், பழைய கட்டடங்களில் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டுமான உறுதிச் சோதனை) என்றால், பொறியாளர் விரிசலைப் பார்ப்பார். தூணைச் சுத்தியலால் தட்டுவார். ‘டங்’ என்றால் கான்கிரீட் கெட்டி. ‘பொத்’ என்றால் உள்ளே பிளவு. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, பூச்சைத் தள்ளும் ஊர் இது; அந்தக் கண்ணும் காதும் இன்றும் வேண்டும். ஆனால் சுத்தியல், தட்டிய இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். 2019 மார்ச் 14 அன்று மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தை ஒட்டிய நடைமேம்பாலம் விழுந்து 7 பேர் இறந்தார்கள். சிறு பழுது பார்த்தால் போதும் என்று முன்பு நடந்த ஆடிட் சொல்லியிருந்த பாலம் அது.

இன்று முழுக் கட்டுமானத்தையும் ஒரே நேரத்தில் கேட்க முடிகிறது. வண்டி ஓடினாலும் காற்றடித்தாலும் பாலம் தனக்கே உரிய அதிர்வெண்களில் அதிரும். விறைப்பு குறைந்தால் அந்த எண்ணும் குறையும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. பொருத்திய சென்சார்கள், 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியின் அதிர்வைக் கண்டு எச்சரித்தன. ரயில்கள் நிறுத்தப்பட்டன, உயிர்ச்சேதம் இல்லை.

எச்சரிக்கை வந்தால் போதாது, பழுது எங்கே என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கணினி மாதிரி. வரைபடத்தை வைத்துக் கணக்கிட்ட அதிர்வும் அளந்த அதிர்வும் முதலில் ஒத்துப்போகாது. தாங்கிகளின் விறைப்பு, கான்கிரீட்டின் மீள்தன்மை ஆகியவற்றைத் திருத்தித் திருத்தி இரண்டையும் பொருத்துவார்கள். பின்னாளில் மறுபடி அளக்கும்போது, எந்த உத்தரத்தின் விறைப்பைக் குறைத்தால் மாதிரி அளவீட்டோடு பொருந்துகிறதோ, அங்கே பழுது இருக்கலாம் என்று தேடிப் போகலாம்.

இதில் மயங்கவும் இடமுண்டு. மொத்த விறைப்பு 10 சதவீதம் குறைந்தாலும் அதிர்வெண் சுமார் 5 சதவீதமே இறங்கும். வெயிலும் குளிரும்கூட அதை மாற்றும். சுவிட்சர்லாந்தில் இடிக்கவிருந்த இசட்24 பாலத்தை ஏறக்குறைய ஓராண்டு அளந்து, பிறகு 1998-ல் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். தார் உறைந்து இறுகும் குளிர்நாட்களில் அதிர்வெண் தானாகவே ஏறியது. ஆகவே ஒரு நாள் அளவீட்டை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எல்லாப் பருவத்துக்கும் பதிவு வேண்டும்.

எல்.பி.எஸ். சாலையையும் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயையும் இணைக்கும் விக்ரோலி மேம்பாலம் 2025 ஜூன் 14 அன்று திறந்தது. பாலம் நலமாக இருக்கும் இந்த ஆண்டுகளில்தான் அதன் இயல்பான அதிர்வைப் பதிவுசெய்ய முடியும். நாற்பது ஆண்டு கழித்து எவ்வளவு செலவழித்தாலும் அந்தப் பதிவு கிடைக்காது. மும்பையில் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு பாலத்தையும் ஒப்படைக்கும்போது அதிர்வுப் பதிவையும் பொருத்திய மாதிரியையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும் என்று மாநகராட்சி டெண்டரிலேயே எழுத வேண்டும்.