பென் டிரைவும் கால் கழுவட்டும்

பத்தமடைப் பாய் விரித்த நம் இல்லங்களில், வெளியே சென்று வருவோர் கால் கழுவிய பின்னரே அதன்மீது அமர்வர். பாயின் தூய்மை மட்டுமன்று, அடுத்து அதில் படுக்கவிருக்கும் குழந்தையின் நலமும் அங்கே எண்ணப்படுகிறது. ஆனால் ஊரெல்லாம் சுற்றிவரும் பென் டிரைவை மட்டும் அப்படியே வீட்டுக் கணினியில் செருகிவிடுகிறோம்!

ஜெராக்ஸ் கடைக் கணினியில் நாள்தோறும் பலருடைய பென் டிரைவுகள் ஏறி இறங்குகின்றன. ஒன்றில் வைரஸ் இருந்தால் கணினிக்கும், அங்கிருந்து அடுத்தவருடையதற்கும் அது தொற்றும். ஒருவகை வைரஸ் நம் கோப்புகளை மறைத்து, அதே பெயரில் போலிக் குறிகளை வைத்துவிடும். அவற்றைத் திறப்போமாயின் நாமே அதனை ஏவிவிட்டவர் ஆவோம்.

இது எளியோர் வீட்டுத் துன்பம் மட்டுமன்று. 2019இல் நம் மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்திருந்த கணினி அது; நிலையத்தை இயக்கும் அமைப்பு தனித்து இருந்தமையால் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் அறிவித்தது. எனினும் தனித்திருத்தல் மட்டுமே போதாது. 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் வைரஸ், இணையத் தொடர்பற்ற ஈரானின் நடான்ஸ் அணு ஆலைக்குள்ளும் புகுந்து, யுரேனியம் செறிவூட்டும் எந்திரங்களைச் சிதைத்தது. அதனை உள்ளே கொண்டுசென்றது பென் டிரைவே என்பது வல்லுநர் கருத்து.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை? வெளியே கொண்டுசெல்ல ஒரு பென் டிரைவைத் தனியே வைத்து, தேவையான கோப்பை மட்டும் அதில் ஏற்றுவோம். எழுதுவதைத் தடுக்கும் சிறு பொத்தான் உடையதாயின் மிக நன்று. வீடு திரும்பியதும் எதையும் திறக்குமுன் வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதிப்போம். விண்டோஸ் 10, 11 கணினிகளில் டிஃபெண்டர் உடன் வருகிறது. கோப்புகள் மறைந்தால் பதறி, பென் டிரைவை முற்றிலும் அழித்துவிட வேண்டா. அவை பெரும்பாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும், அறிந்தவர் மீட்டுத் தருவர். திருமணப் படங்களுக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் வேறோரிடத்தில் படி ஒன்று இருக்கட்டும். வழியில் கண்டெடுத்த பென் டிரைவை ஒருபோதும் செருக வேண்டா.

"என் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார் உளர். நம்மிடம் அடங்கிக் கிடக்கும் வைரஸ், நாம் பென் டிரைவைக் கடன் கொடுக்கும் மாணவனின் ஓராண்டு உழைப்பை அழித்துவிடலாம். அறியாமல் சுமப்பது குற்றமன்று. அறிந்த பின்னும் சோதியாமல் கொடுப்பது அயலன்புக்கு முரண் அன்றோ? கால் கழுவ ஆகும் நேரமே இதற்கும் ஆகும்.