சாயும் மலருக்கு ஒரு கோல்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்போது மீஞ்சூர்ப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் முதலில் தலை சாய்ப்பவை சாமந்தியும் சம்பங்கியுமே. சாமந்தியின் அடுக்கிதழ்கள் மழைநீரைத் தாங்கிக் கனத்துப்போகின்றன. சம்பங்கியின் பூந்தண்டோ ஏறத்தாழ மூன்றடி வளர்வது. மொக்குகள் எல்லாம் மேற்பாதியில். அடியில் நம் மணற்பாங்கான மண்ணும் நனைந்து இளகிவிட்டால் கேட்கவேண்டுமா?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல்மழை ஓய்ந்து நான்கு நாள் கழித்து, சாய்ந்து கிடந்த என் சாமந்திச் செடிகளை நிமிர்த்திக் கட்ட முற்பட்டேன். நான்கில் மூன்று என் கையிலேயே முறிந்தன. சாய்ந்த தண்டின் நுனி மேலே திரும்பி, அந்த வளைவிலேயே இறுகிவிடுகிறது. அதன் பிறகு நேராக்க முயன்றால் முறியத்தான் செய்யும்.

ஆகவே கோலை நடவின்போதே ஊன்றிவிடுவது நன்று. பின்னர்க் குத்தினால் சம்பங்கிக் கிழங்கு காயமுற்று அழுகவும் கூடும். நம் கடற்கரை மணலில் விளையும் சவுக்கே இதற்குப் போதும். விரல் தடிமனுள்ள கழியை ஓரடி ஆழம் இறக்குங்கள். மழைக்காலக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், கோலும் செடிக்கு வடகிழக்கில் நிற்கட்டும். அப்போது காற்று செடியைக் கோலின்மேல் மோதாது விலக்கியே தள்ளும். தண்டு உராய்ந்து புண்படாது.

கட்டுவதற்கு நனைத்த வாழைநார் மிகவும் ஏற்றது. பழைய பருத்திப் புடவைக் கிழிசலும் ஆகும். கம்பியும் நைலான் கயிறும் வேண்டா. தண்டு பருக்கையில் அவை அறுத்துவிடும். முதலில் கோலில் இறுக்கமாக ஒரு முடிச்சு. பிறகு 8 என்னும் எண்ணின் வடிவில் நாரைக் குறுக்கே மாற்றித் தண்டைத் தளர்வாகச் சுற்றவேண்டும். அசையவே விடாமல் இறுக்குவோரும் உளர். அது வீண் அக்கறை. காற்றில் சற்றே ஆடும் தண்டுதான் தடித்து உறுதி பெறுகிறது.

சாமந்தியை நட்ட நான்கு வாரத்தில் நுனி கிள்ளிவிட்டால், பக்கக் கிளைகள் விட்டுக் குட்டையாகப் புதர்போல் அமையும். கோலின் தேவையும் குறையும். மதில் நிழலில் வைத்த செடியோ ஒளி தேடி நெட்டையாகி விழும். நம் ஊருக்கென ஒரு குறையும் உண்டு. நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்த வட்டாரம் இது. உவர்நீரில் வேர் நன்கு வளராது. சேமித்த மழைநீர் இருப்பின் அதையே பூச்செடிகளுக்கு ஊற்றுங்கள்.

செங்காந்தளுக்கு மட்டும் கட்டே தேவையில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான அது தன் இலை நுனியைச் சுருட்டிப் பற்றிக்கொண்டு தானே ஏறும். பருத்த கம்பத்தை அதனால் பற்ற இயலாது. மெல்லிய குச்சிகளே வேண்டும். குழந்தைகள் உள்ள வீடாயின் அதனை எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் கிழங்கு கொடிய நஞ்சு.