பெயர் மறந்த நூல்

நூலின் பொருள் நெஞ்சில் நிற்க, பெயர் மட்டும் மறந்துபோதல் யாவர்க்கும் இயல்பு. மாணவர்களே, அவ்வாறு மறந்த பெயரை மீட்கும் வகையை எனக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியால் விளக்குவேன்.

தேனாம்பேட்டையில் என் இல்லத்திற்கு அண்மையில் மதுரையிலிருந்து வந்து குடியேறிய மூதாட்டியார் ஒருவர் உளர், கண்பார்வை மங்கியவர். ஒருநாள் தம் பெயரனுடன் வந்து, "ஐயா, இளமையில் என் தந்தையார் பாடக் கேட்ட சண்டைப் பாட்டு ஒன்று உண்டு. கோட்டையைச் சூழ்ந்து பீரங்கி முழங்கும்; முடிவில் வீரனைத் தூக்கில் இடுவர். அதனை இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும். பெயர்தான் நினைவில்லை" என்றார்.

யான் சிறிதும் ஆராயாது, "அது கட்டபொம்மன் கதை, அம்மா" என்று கூறிவிட்டேன். பெயரன் அந்நூலை வாங்கிவந்து படித்தான். இரண்டு நாள் கேட்டபின் அம்மையார், "நல்ல பாட்டுத்தான், என் தந்தையார் பாடியது இதுவன்று" என்றார். அறுபது கடந்தும் அவசரம் நீங்காத என் அறிவை எண்ணி நாணினேன்.

பின்னரே குறிப்புகளை ஆராயலானேன். பீரங்கி என்னும் சொல்லே பெரிய குறிப்பு. ஐரோப்பியரைப் பாரசீக மொழியினர் 'பிரங்கி' என்றனர். அது தமிழில் 'பரங்கி' என வழங்கிற்று. அவர் கொணர்ந்த பெரிய வெடிக்கருவியும் அப்பெயரால் பீரங்கி ஆயிற்று. தேனாம்பேட்டையை ஊடறுத்துச் செல்லும் அண்ணா சாலை பரங்கிமலையை நோக்கிச் செல்வது. அம்மலையும் இக்கருவியும் ஒரே சொல்லின் வழித்தோன்றல்கள். ஆதலின் யானையும் வேலும் பொருத பழைய பரணிகளை விலக்கி, பிற்காலக் கதைப்பாடல்களையே நாடினேன்.

கதைப்பாடல்களின் பெயர்கள் கதை, மாலை, கும்மி, அம்மானை எனப் பலவாறு முடியும். தேசிங்குராசன் கதை ஒத்துவரவில்லை. 1714-இல் மாண்ட அவ்வேந்தன் தூக்கில் இறந்தவன் அல்லன். கட்டபொம்மனோ 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவன். அந்த ஒற்றுமையே என்னை மயக்கியது. முதல்நாளே கேட்டிருக்க வேண்டிய வினாவை அப்போதுதான் கேட்டேன்: "எந்த ஊர்க் கோட்டை, அம்மா?"

"மதுரைக் கோட்டைதான், ஐயா. எங்கள் ஊர்ப் பாட்டல்லவா?"

ஐயம் அகன்றது. கட்டபொம்மனுக்கு முப்பத்தைந்து ஆண்டு முன்னர் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானைப் பாடும் 'கான்சாகிபு சண்டை' அது. மருதநாயகம் என்பது அவ்வீரரின் இயற்பெயர் என்பர். ஆங்கிலக் கும்பினிப் படையில் சேர்ந்து உயர்ந்த அவர், 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர்களை அலைக்கழித்தார். பரங்கிமலைப் போரிலும் பொருதார். பின்னர் மதுரையை ஆண்டார். ஆர்க்காட்டு நவாபுடனும் கும்பினியுடனும் பகை மூண்டது. 1763-இல் இரு படைகளும் மதுரையை வளைத்தன. பீரங்கியால் மதில் உடைந்தும் கோட்டை வீழவில்லை. 1764-இல் உணவு வரும் வழிகளை அடைத்தனர். தொழுகையில் இருந்த அவரைத் தம்மவரே பற்றிப் பகைவரிடம் ஒப்புவித்தனர். அக்டோபர் 15-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. கும்பினிக்குப் பாடுபட்டவர் கும்பினியின் பகைக்கே இரையான அக்கதை, கட்டபொம்மன் புகழின் நிழலில் மறைந்துபோனமை வருந்தத்தக்கது.

அப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, 1972-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளிவரும் நூல்களின் படி எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்திற்கு வரவேண்டும் என்பதை அறிந்திருந்தமையால், பெயரனை அங்கு அனுப்பினேன். அவன் மூன்று நாள் அமர்ந்து வேண்டிய பகுதிகளைக் கையால் எழுதிவந்தான்.

அன்று மாலை அவன் படிக்க, யானும் உடனிருந்தேன். முற்றுகை தொடங்கும் இடத்தில், அவன் வாய்திறக்குமுன் அம்மையார் அடுத்த அடியைச் சொல்லிவிட்டார். ஏட்டில் இருந்ததற்கும் அவர் சொன்னதற்கும் இரண்டு சொல் வேறு. "என் தந்தையார் இப்படித்தான் பாடுவார்" என்றார். பெயரன் அவ்விரு சொற்களையும் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.