பாதி கார், பாதி கட்டைவிரல்

ரிமோட் கார் வந்து இறங்கிய வீட்டில் ஒரு வாரத்துக்குள் ஸ்குரூ டிரைவர் காணாமல் போகும். தேடினால் கட்டிலுக்கு அடியில், கழற்றிப் போட்ட காருக்குப் பக்கத்தில் கிடைக்கும். உள்ளே ஏதோ பெரிய ரகசியம் இருக்கிறது என்று நம்பித்தான் திறப்போம். இருப்பதோ இரண்டு விரல் அகலத்தில் ஒரு பழுப்புப் பலகை, அதிலிருந்து கிளம்பும் சிவப்பு, கறுப்பு வயர்கள், இரண்டு குட்டி மோட்டார்கள், வெள்ளை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். இத்தனை குறைந்த சாமானை வைத்துக்கொண்டு அது எப்படி நாற்காலிக் கால்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போனது? தன்னிடம் இல்லாத பாகங்களை ரிமோட்டைப் பிடித்திருந்த பிள்ளையிடம் கடன் வாங்கிக்கொண்டு போனது என்பது என் கட்சி.

எங்கள் வீட்டுக்கு அது தொண்ணூறுகளில், சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவின் பெட்டியில் வந்தது. சோப்பு, கோடாலித் தைலம், பேனா செட் எல்லாம் ஊராருக்குப் பங்கு பிரிந்த பிறகு, அடியிலிருந்து அந்த அட்டைப்பெட்டி. சிவப்புக் கார், பின்னால் ஒரு இறக்கை, கூரையில் ஒல்லியாக ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ரப்பர் குமிழ். “கண்ணு பத்திரம், மாப்ளே” என்று சொல்லித்தான் மாமா கையில் கொடுத்தார். காருக்கு நாலு பென்டார்ச் செல், ரிமோட்டுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி. அதை ஓட்டிய நேரத்தைவிட, செல் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சிய நேரம்தான் அதிகம்.

ரிமோட்டில் விரலை அமுக்கினால் காருக்குப் போவது என்ன? எண்ணிக்கை. அந்தக் கால மலிவு விலைக் கார்களில் மிகப் பரவலாக இருந்தது டிஎக்ஸ்-2, ஆர்எக்ஸ்-2 என்ற சில்லு ஜோடி. முன்னது ரிமோட்டில், பின்னது காரில். அமுக்கியதும் முதலில் நான்கு நீளமான ரேடியோ துடிப்புகள் போகும். ‘கவனி’ என்று அர்த்தம். பிறகு குறுந்துடிப்புகள். கார் அவற்றை எண்ணும். 40 என்றால் பின்னால் போ. 28 என்றால் முன்னால் போய்க்கொண்டே இடப்பக்கம் திரும்பு, 34 என்றால் வலப்பக்கம். பின்னால் போகும்போது வலது 46, இடது 52. எண்களுக்கு நடுவே ஆறாறு இடைவெளி விட்டிருப்பதைப் பாருங்கள். மிக்ஸி ஓடும் வீட்டில் ஒன்றிரண்டு துடிப்பு தவறிப்போனாலும் இடது வலதாகிவிடாது. ஒரு கட்டளை போய்ச் சேர நொடியில் இருபதில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக் குறைய. விரலை எடுக்கும்வரை அதே எண்ணிக்கை திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும்.

துடிப்புகளை அனுப்பித் தூரத்திலுள்ள பொருளை ஆட்டிவைக்கும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் ஒரு சிறு படகை மிதக்கவிட்டு ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார் நிகோலா டெஸ்லா. அவர் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தரையில் ஓடும் ரிமோட் வண்டிக்கு முப்பாட்டன் என்று கேட்டால் நான் லியோனார்டோ டோரெஸ் கெவெடோ என்ற ஸ்பெயின் நாட்டுப் பொறியாளரைத்தான் காட்டுவேன். ஆகாயக் கப்பலைச் சோதிக்கும்போது ஆள் சாகக் கூடாது என்பது அவர் கவலை. அதற்காக ‘டெலிகினோ’ என்ற கருவியை உருவாக்கி 1903-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிமுகப்படுத்தினார். தந்திக் கருவியிலிருந்து வரும் துடிப்புகளுக்கு ஏற்ப ஒரு சுழல் சுவிட்ச் படிப்படியாக நகரும். அது எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் கட்டளை. 1904-ல் மாட்ரிட்டில் ஒரு மூன்று சக்கர மின்வண்டியில் இதைப் பொருத்தி ஓட்டினார். எட்டிய தூரம் 20, 30 மீட்டர். எங்கள் சிவப்புக் காரும் அதற்கு மேல் போனதில்லை. 1906-ல் பில்பாவ் துறைமுகத்தில், அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோ பார்த்திருக்க, இதே கருவியால் ஒரு படகையும் கரையிலிருந்தபடி ஓட்டினார்.

காரின் காது, அதாவது துடிப்பை வாங்கும் சுற்று, எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1922-ல் தந்த வடிவமைப்பு. ஒரே ஒரு டிரான்சிஸ்டரைத் தானாகவே அலறத் தொடங்கும் விளிம்புக்குத் தள்ளுவது, அலற ஆரம்பித்ததும் அடக்குவது, மறுபடியும் தள்ளுவது. இதை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்தால் மிக மெலிந்த அலையும் பெரிதாகக் கேட்கும். செலவு சொற்பம். ஆனால் இந்தக் காதுக்கு யார் குரல் என்று பிரித்தறியத் தெரியாது. பொழுதுபோக்குக்காகப் பந்தயம் விடுபவர்களின் கார்களில் 26.995-லிருந்து 27.255 மெகாஹெர்ட்ஸ் வரை ஆறு தடங்கள் இருந்தன. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஏரியலில் துணி கட்டிக்கொண்டு யார் எந்தத் தடம் என்று காட்டுவார்கள். நம் பொம்மைக்கு அந்த வசதி கிடையாது. எதிர்வீட்டுப் பையனுக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் கார் வந்த அன்று எங்கள் தெருவில் அடிதடி. அவன் துடிப்பும் என் துடிப்பும் கலந்து எண்ணிக்கை குழம்பி, இரண்டு கார்களும் விக்கல் எடுத்தாற்போல நின்று நின்று துள்ளின.

ஏன் எல்லோரும் 27-லேயே போய் விழுந்தார்கள்? 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச வானொலி மாநாடு, செய்தி அனுப்பாமல் சூடு மட்டும் கிளப்பும் இயந்திரங்களுக்காகச் சில அதிர்வெண்களை ஒதுக்கியது. அவற்றில் ஒன்று 27.12 மெகாஹெர்ட்ஸ். ரெயின்கோட் பிளாஸ்டிக்கை ஒட்டும் இயந்திரம், மூட்டுவலிக்கு இயன்முறை சிகிச்சை நிலையத்தில் வைக்கிற டயதெர்மி கருவி எல்லாம் அங்கேதான் இயங்குகின்றன. அந்தச் சத்தத்துக்கு நடுவே குறைந்த சக்தியில் யார் என்ன செய்தாலும் நஷ்டமில்லை என்று பொம்மைகளுக்கும் இடம் கிடைத்தது. இந்த அலையின் நீளம் 11 மீட்டர். ஏரியல் சரியாக வேலை செய்ய அதில் கால் பங்காவது வேண்டும்; இரண்டே முக்கால் மீட்டர் கம்பியைப் பிள்ளை கையில் யார் கொடுப்பார்கள்? ரிமோட்டுக்குள் ஒரு கம்பிச்சுருள் வைத்து மீதி நீளத்தை ஈடுகட்டினார்கள். ஏரியலை முழுசாக இழுத்தால்தான் கார் கேட்கும் என்று நாங்கள் அனுபவத்தில் கண்டது சரிதான்.

செல் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் ஓடும் என்பது தமிழ்நாட்டுச் சிறுவர்களின் பொதுச்சொத்து. இதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. துத்தநாக–கார்பன் செல்லுக்குள் சூடு ஏறினால் அயனிகள் வேகமாக நகரும், உள்தடை குறையும். ஓய்வு கொடுத்ததே பாதி உதவி. புதிதாக மின்சாரம் ஒன்றும் ஏறாது. உள்ளே சிக்கிக் கிடந்த மிச்சம்தான் வெளியே வரும். சுவர்க்கடிகாரம் அந்த மிச்சத்திலேயே மாதக்கணக்கில் ஓடும். மோட்டாருக்குப் பல நூறு மில்லிஆம்பியர் வேண்டும் என்பதால் சில நிமிடங்களில் மறுபடியும் படுத்துவிடும்.

இனி ஸ்டியரிங். முன்சக்கரங்களைத் திருப்பும் குட்டி மோட்டாருக்கு மூன்றே நிலைகள்தான்: முழு இடது, முழு வலது, விரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து நேர். நடுவில் ஒன்றும் கிடையாது. லேசாகத் திரும்பு என்று அதனிடம் சொல்லவே முடியாது. ஆனாலும் நாங்கள் லேசாகத் திருப்பினோம். எப்படி? இடது பொத்தானை டக், டக், டக் என்று தட்டினோம். தட்டல் நெருக்கமாக இருந்தால் வளைவு இறுகும், இடைவெளி விட்டால் விரியும். எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் குறைப்பது இதே முறைதான். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து ஏற்றுகிறார்கள், கண் அதை மங்கலாகப் பார்க்கிறது. துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர். யாரும் கற்றுக்கொடுக்காமல் எட்டு வயதுக் கட்டைவிரல் அதைச் செய்தது.

அந்த வேலையை விரலிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்தால் விலை ஏறும். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1976-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் போர்ஷே 934 ரிமோட் காரைக் கொண்டுவந்து இந்தப் பொழுதுபோக்கைப் பரப்பியது. அந்த ரகக் கார்களில் இருப்பது சர்வோ. நொடிக்குச் சுமார் ஐம்பது துடிப்பு வரும். ஒவ்வொன்றின் நீளமும் 1 மில்லிநொடி என்றால் சக்கரம் ஒரு கோடி, 2 என்றால் மறு கோடி, ஒன்றரை என்றால் நடு. சக்கரம் இப்போது எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்ல, ரேடியோவின் வால்யூமுக்குப் பின்னால் இருக்கிற அதே சுழல் மின்தடையைத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் காரில் அந்த அளவுகோல் என் கண். சக்கரம் எங்கே, சுவர் எங்கே, தங்கையின் கால் எங்கே என்று பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை.

எங்கள் காரைவிட மலிவான ரகமும் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் தானே முன்னால் ஓடும். ரிமோட்டில் ஒற்றைப் பொத்தான். அமுக்கினால் பின்னால் போய்க்கொண்டே ஒரு பக்கமாகத் திரும்பும். முன் அச்சு தளர்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் முன்னால் போகும்போது நேராகவும் பின்னால் போகும்போது சாய்ந்தும் நிற்கும், அவ்வளவே தந்திரம். அதை வைத்துக்கொண்டும் பிள்ளைகள் நினைத்த இடத்துக்கு ஓட்டிப் போனார்கள். பொறியாளர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத்தான் நான் மெச்சுவேன்.

இன்னொரு சங்கதி. கார் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கி வரும்போது மாறிவிடும். முதல் நாள் எல்லோரும் உடம்பையே முறுக்கிக்கொண்டு, காரோடு சேர்ந்து திரும்பி நின்று ஓட்டுவார்கள். சில நாளில் உடம்பு நிற்கும், மனசு மட்டும் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கூட்டு வேலை நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தாமதம் கூடாது. கண்ணில் பட்டது விரலுக்கு வர ஏறத்தாழ 0.2 நொடி. கார் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால் அதற்குள் 40 சென்டிமீட்டர் ஓடிவிடும். அந்த அளவுக்கு விரல் முன்கூட்டியே பழகிக்கொள்ளும். தாமதம் 2.6 நொடியானால்? 1970 நவம்பர் 17 அன்று நிலவில் இறங்கிய சோவியத்தின் லூனோகோட்-1 அப்படி ஓட்டப்பட்ட வண்டிதான். எட்டுச் சக்கரம், 750 கிலோவுக்கு மேல் எடை, பூமியில் அதை ஓட்ட ஐந்து பேர் கொண்ட குழு. திரையில் ஓடும் காட்சி கிடையாது. சில நொடிகளுக்கு ஒன்றாக அசையாத படங்கள் வரும். படம் காட்டிய இடத்தில் வண்டி இப்போது இல்லை என்று தெரிந்தே கட்டளை கொடுக்க வேண்டும். தட்டித் தட்டி ஓட்டும் சாமர்த்தியம் அங்கே செல்லாது. மணிக்கு 2 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில், பத்து மாதங்களில் பத்தரை கிலோமீட்டர் ஓட்டினார்கள்.

நிலவில் ஓடிய நம் பிரக்யான் ரோவர் இன்னும் பொறுமைசாலி. 26 கிலோ எடை. கொஞ்சம் போகும், நிற்கும், படம் எடுத்து அனுப்பும், பெங்களூரில் இருப்பவர்கள் பார்த்து முடிவெடுக்கும்வரை காத்திருக்கும். 2023 ஆகஸ்ட் 27 அன்று அதன் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தென்பட்டபோது, விளிம்புக்கு இன்னும் 3 மீட்டர் பாக்கி இருந்தது. வந்த தடத்திலேயே திரும்பி வேறு வழியில் போகச் சொன்னார்கள். போனது.