ஏ.எல்.லில் ஆங்கில இலக்கியம்: பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?



சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த கையோடு நம் லயங்களில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை கொழும்புக் கடைக்கு அனுப்புறதா, கார்மெண்டுக்கா, இல்லை உயர்தரம் படிக்க வைக்கிறதா? உயர்தரம்தான் என்று முடிவானாலும், பிள்ளை என்ன பாடம் செய்யும் என்பதை பிள்ளையின் விருப்பம் தீர்மானிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம்தான். இப்போது சில பிள்ளைகள் "நான் இங்கிலீஷ் லிட்ரேச்சர் செய்யப்போறேன்" என்று வீட்டில் சொல்கிறார்கள். தாய் தகப்பன் திகைத்துப்போய் எங்களிடம் வருகிறார்கள். ஒரு தகப்பன் கேட்டார்: "வெள்ளைக்காரன் கதையைப் படிச்சா யாருங்க வேலை குடுப்பா?" நியாயமான கேள்விதான். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உயர்தரத்தில் இங்கிலீஷ் என்று இரண்டு இருக்கு. ஒன்று பொது ஆங்கிலம். கலை, வர்த்தகம், விஞ்ஞானம் எது படித்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் அது உண்டு. அதில் எடுக்கும் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. மற்றது, கலைப் பிரிவில் மூன்று பிரதான பாடங்களில் ஒன்றாக எடுக்கிற ஆங்கிலம். இலக்கியம் என்று நாம் சொல்வது இதைத்தான். இதன் புள்ளி இசட் புள்ளியில் சேரும். "எங்க புள்ள ஏ.எல்.லுக்கு இங்கிலீஷ் செய்யுது" என்று சொல்லும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாதாரண தரத்திலேயே ஆங்கில இலக்கிய நயம் என்று விருப்பப் பாடமாக ஒன்று இருக்கிறது. அதைச் செய்த பிள்ளைக்கு வழி கொஞ்சம் பழகியிருக்கும். நம் தோட்டப் பள்ளிக்கூடங்களில் அது கிடைப்பது குறைவு.

சரி, என்னதான் படிக்கிறார்கள்? கவிதை, நாடகம், நாவல், சிறுகதை. புத்தகப் பட்டியல் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறும், ஆகவே மூத்த பிள்ளையின் பழைய புத்தகத்தை நம்பி இருக்கக்கூடாது. கேள்வி வருகிற விதத்தையும் தெரிந்துகொள்ளணும். புத்தகத்திலிருந்து சில வரிகளை எடுத்துக் கொடுத்து, இது எந்த இடத்தில் வருகிறது, யார் சொல்கிறார், ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்பார்கள். கட்டுரையும் எழுதவேண்டும். கதையைச் சுருக்கி எழுதினால் புள்ளி கிடையாது. பிள்ளை தன் கருத்தைச் சொல்லி, அதற்கு புத்தகத்திலிருந்தே சாட்சி காட்டவேண்டும்.

இது நமக்கு புதிசு இல்லை. பொன்னர் சங்கர் கூத்து விடிய விடிய நடக்குது. அண்ணன் தம்பி இருவரும் கடைசியில் சாவார்கள் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்க்கிறோம்? இந்த வருஷம் வேஷம் கட்டியவர் எப்படிப் பாடுகிறார், எந்த இடத்தில் சனம் கண்ணைத் துடைக்குது என்று பார்க்கத்தான். காலையில் பிரட்டுக்களத்தில் அதைப்பற்றி வாதாடுகிறோமே, அதுதான் இலக்கிய விமர்சனம். பரீட்சையில் அதை இங்கிலீஷில் எழுதச் சொல்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 400 வருஷத்துக்கு முந்திய நாடகம். ஒத்தெல்லோ என்கிற கறுப்பு நிறச் சேனாதிபதி, வெனிஸ் நகரத்து வெள்ளைக்காரப் பிரபு வீட்டுப் பெண் டெஸ்டிமோனாவைக் கலியாணம் கட்டுகிறான். அவனுக்குக் கீழே இயாகோ என்று ஒருவன். தனக்கு வரவேண்டிய பதவி காசியோ என்பவனுக்குப் போய்விட்டது என்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு. கங்காணி வேலை தனக்குத்தான் என்று இருந்தவனை விட்டுவிட்டு வேறு ஒருவனுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? இயாகோ கத்தி எடுக்கவில்லை. காதில் கோள் சொல்கிறான். "உன் மனைவிக்கும் காசியோவுக்கும் தொடர்பு" என்று நேராகக்கூடச் சொல்லாமல், இழுத்து இழுத்துச் சொல்கிறான். ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்த கைலேஞ்சி ஒன்று கீழே விழுகிறது. இயாகோவின் மனைவி எமிலியா எடுத்துத் தன் புருஷனிடம் கொடுக்க, அவன் அதைக் காசியோவின் அறையில் போட்டுவிடுகிறான். அந்தத் துண்டுத் துணியே சாட்சியாகிவிடுகிறது. ஒத்தெல்லோ மனைவியைக் கொன்று, பிறகு உண்மை தெரிந்து தன்னையும் கொன்றுகொள்கிறான்.

இனித்தான் பாடமே தொடங்குது. இவ்வளவு பெரிய வீரன் ஏன் மனைவியை ஒரு வார்த்தை சரியாகக் கேட்கவில்லை? அந்த ஊரில் தன்னை யாரும் சொந்த ஆளாக நினைக்கவில்லை என்ற பயம் அவன் அடிமனசில் இருந்ததா? குற்றம் இயாகோவுடையதா, நம்பியவனுடையதா? தன் சொந்த நாட்டிலேயே "நீ எங்கிருந்து வந்தவன்" என்று கேட்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி நன்றாகப் புரியும் என்பது எங்கள் எண்ணம். கோள் பேச்சால் உடைந்த குடும்பங்களை நலன்புரி வேலையில் நாங்களும் கண்டிருக்கிறோம்.

கவிதைக்கும் ஒரு உதாரணம் சொல்கிறோம். வேர்ட்ஸ்வேர்த் என்ற கவிஞர் 1807இல் வெளியிட்ட ஒரு கவிதையில், ஸ்கொட்லாந்து மலையில் ஒரு பெண் தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டு பாடுகிறாள். அவள் பாஷை கவிஞருக்கு விளங்கவில்லை. பாட்டின் சோகத்தைக் கேட்டு மனம் உருகி மலை ஏறிப் போய்விடுகிறார். நல்ல கவிதை. ஆனால் கொழுந்து மலையில் பாட்டுப் பாடும் தாய்க்குப் பிறந்த பிள்ளை அதைப் படித்தால் வேறு ஒன்றையும் கேட்கும்: அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு என்ன கூலி? முதுகு வலித்ததா? ரோட்டில் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களையும் பிள்ளை நினைத்துப் பார்க்கும். இப்படிக் கேட்கிற பிள்ளை நல்ல விடை எழுதும்.

அந்தக் கேள்விக்கு இங்கிலீஷிலேயே பதில் எழுதியவர் நம்மவர். மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கவாதி. தேயிலைத் தோட்டத்து வாழ்வை இங்கிலீஷில் நெடுங்கவிதையாகப் பாடினார். 'போர்ன் டு லேபர்' என்ற அவர் புத்தகம் 1970இல் வந்தது. நம் நாட்டார் பாடல்களையும் சேகரித்தார். துரைமாரின் பாஷையில் துரைமாருக்கு விளங்கும்படி லயத்தைப்பற்றி எழுதியவர் அவர்.

லெனார்ட் வூல்ஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஹம்பாந்தோட்டையில் வேலை பார்த்துவிட்டு 1913இல் ஒரு நாவல் எழுதினார். காட்டோரக் கிராமத்து ஏழைச் சிங்கள மக்கள், தங்களுக்கு விளங்காத பாஷையில் நடக்கும் வழக்கில் வாயடைத்து நிற்பது அதில் வருகிறது. இங்கிலீஷ் கடிதம் ஒன்று வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஆள் தேடி அலைந்த நமக்கு அது அந்நியக் கதையா?

எல்லாம் சரி, ஆனால் ஆசையைக் காட்டி ஏமாற்றுவது எங்கள் நோக்கம் இல்லை. இது கஷ்டமான பாடம். விடை முழுக்க இங்கிலீஷில் எழுதணும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ அல்லது பீ எடுத்தும், தானாகப் புத்தகம் எடுத்து வாசிக்கும் பழக்கம் இல்லை என்றால் இதில் திணறிவிடும். ஒரு பாடத்தில் தவறினால் மூன்று பாடத்து உழைப்பும் வீணாகும். பல்கலைக்கழகத்துக்கென்று மூன்று தடவைதான் பரீட்சை எழுதலாம். "இங்கிலீஷ் பேசப் பழகட்டும்" என்பதற்காக மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பேசப் பழக வேறு வகுப்புகள் உண்டு. மறுபக்கம், கையில் கிடைத்த கதைப்புத்தகத்தை எல்லாம் விளக்கு அணைக்கும்வரை வாசிக்கிற பிள்ளை என்றால், "நமக்கெதுக்கு" என்று சொல்லி அடக்கவும் வேண்டாம்.

வேலையைப்பற்றிக் கேட்ட தகப்பனுக்குப் பதில்: நம் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு முதலில் வேண்டியது இங்கிலீஷ் ஆசிரியர்கள்தான். பத்தனை ஸ்ரீபாத போன்ற தேசிய கல்வியியல் கல்லூரிகளில் பயிற்சி மூன்று வருஷம், அதில் கடைசி வருஷம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி வேலை. பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்கலாம். மொழிபெயர்ப்பு, பத்திரிகை, சட்டம், ஹோட்டல் துறை என்று வேறு கதவும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதை அந்தந்த வருஷத்து வர்த்தமானியிலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலிலும் பாருங்கள். ஆள் சொன்னதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சேர்க்கும் முன் அதிபரிடம் போய்க் கேளுங்கள். இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இரண்டு வருஷமும் இருப்பாரா? இதனோடு எந்த இரண்டு பாடங்களைச் சேர்க்கலாம்? புத்தகங்கள் நூலகத்தில் கிடைக்குமா, வெளியே வாங்கணுமா? ஆசிரியர் இல்லை என்றால் ஹட்டன், நுவரெலியா, கண்டி என்று டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டி வரும். பஸ் காசு, தங்குமிடம், பெண் பிள்ளை என்றால் இருட்டில் வீடு திரும்புவது, எல்லாவற்றையும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். பாதியில் பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறோம்.

எங்களிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெறுபேற்றுத் தாளையும் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வாங்க. தகப்பன் மட்டும் வந்து பேசிவிட்டுப் போனால் சரிவராது. கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று நாங்கள் பிள்ளையிடம்தான் கேட்கணும்.